நாற்பத்தொன்றாவது உதை

ஒரு குழந்தையின் மூச்சுக்கு விலை நாற்பத்தொரு உதை. அதில் நாற்பதை அப்பன் கொடுத்தான். பாக்கி ஒன்றை யார் கொடுத்தது என்பதுதான் இந்தக் கதை.

கதை என்று சொன்னது வாய் தவறி. இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவர் இன்றும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். நம்பிக்கை இல்லாதவர்கள் நேரில் போனால், காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, கணைக்காலில் இருக்கும் தழும்பைக் காட்டுவார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றி, தாள் விலை ஏறப்போகிறது என்பார்.

மொத்தக் காகித வியாபாரி. மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் தராசு. எதையும் இரண்டு முறை நிறுத்துப் பார்ப்பவர். பெண்டாட்டி காரணமில்லாமல் சிரித்தால்கூட, "சரி, என்ன வேணும்?" என்று கேட்கிற ஆள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு மோட்டார் சைக்கிளிடம் மயங்கினார். கறுப்பு. அறுபது வயது. ஒற்றை சிலிண்டர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்று உலகத்துக்கே எதிராகச் செய்த வண்டி. வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பவுண்டருடையது. அவர் இறந்துபோய் நாலு வருஷம். விற்றது அவருடைய மனைவி.

தராசு வாய் கூசாமல் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கேட்டார். அந்த அம்மாள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க தம்பி."

எதிராளி சண்டை போடாமல் இறங்கிவந்தால் எழுந்து ஓடிவிட வேண்டும். முப்பது வருஷ வியாபாரம் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது. அன்றைக்கு ஆசை காதை அடைத்துவிட்டது. வீட்டிலிருந்த ஸ்கூட்டரை விற்று, அந்த வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினார்.

"ஓடுற வண்டிய வித்து ஓடாத வண்டிய வாங்கின வியாபாரிய இப்பதான் பாக்கறேன்" என்றாள் மனைவி.

"இது பழசு இல்லம்மா. அபூர்வம்."

"ஸ்டார்ட் ஆனா அபூர்வம்தான்."

ஸ்டார்ட் ஆகவில்லை. தராசுக்குப் பல வருஷமாக ஸ்கூட்டரின் பொத்தானை அமுக்கித்தான் பழக்கம். தெரிந்த மெக்கானிக் ஒருவன் இருந்தான். எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். அவனோ தங்கை கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தான். பாடம் முழுக்க போனில்தான் நடந்தது.

"கார்புரேட்டர்ல ஒரு குட்டி பின் இருக்கும் முதலாளி. விரல் நனையற வரைக்கும் அமுக்குங்க. சாவியப் போட்டு கிக்கரை மெதுவா இறக்குங்க. ஹெட்லைட்டுக்கு மேல ஆம்ப் மீட்டர்ல முள் இருக்கும் பாருங்க. அது நடுவுக்கு வரணும். வந்ததும் ஹேண்டில்ல இருக்கிற சின்ன லீவரைப் பிடிச்சு, கிக்கரை ஒரு இழை தாண்ட விடுங்க. லீவரை விடுங்க. அப்புறம் ஒரே உதை."

"முள் நடுவுலதான் இருக்கு."

"அப்புறம் என்ன, உதைங்க."

முள் எப்போதுமே நடுவில்தான் இருந்தது. கிக்கரை இறக்கினாலும், ஏற்றினாலும், சும்மா விட்டாலும் அசையவில்லை. மற்றவர்கள் தேடித் தேடிப் பிடிக்கிற நடு தனக்குத் தானாகவே கிடைத்திருக்கிறது என்று தராசு சந்தோஷப்பட்டார். அதை ஸ்பேனரிடம் சொல்லவில்லை. நல்ல சரக்கு கைக்கு வந்தால் வாயைத் திறக்காமல் இருப்பது பழக்கதோஷம்.

தினமும் காலையில் இருபது உதை. பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கறுப்பாக, பெட்ரோலில் ஊறி இருக்கும். துடைத்து மாட்டுவார். ஆறு நாள் இப்படியே போனது.

ஏழாம் நாள் காலை 6.10. உதைப்பதற்கு முன்னாலேயே பிளக்கைக் கழற்றினார். காய்ந்திருந்தது. நுனி நல்ல பிஸ்கட் நிறம். பெருமையோடு போன் போட்டார்.

"பிளக் சூப்பரா இருக்குப்பா. பிஸ்கட் கலர்."

எதிர்முனையில் மேளச்சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஸ்பேனர் கத்தினான்.

"ஓடாத வண்டியில அந்தக் கலர் வராது முதலாளி. அம்பது கிலோமீட்டராவது நல்லா ஓடினாத்தான் வரும். யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"ஷெட் சாவி என் இடுப்புல இருக்கு."

"அப்ப பிளக்கை மாத்திப் பாத்திருப்பீங்க" என்று ஸ்பேனர் போனை வைத்துவிட்டான்.

தராசு சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மனசு சமாதானமானது. அவருக்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான்.

பத்தாம் நாள். மதியம் 2.30-க்குப் புயல் மழை பிடித்தது. 3.15-க்குக் கரண்ட் போனது. 3.35-க்குப் போனில் சிக்னல் போனது. 3.40-க்குத் தெருமுனையில் பெரிய மரம் சாய்ந்தது. எதிர்வீட்டுக் கார் உள்ளே மாட்டிக்கொண்டது.

3.50-க்கு மகள் இருமினாள்.

ஏழு வயது. பிறந்ததிலிருந்து வீசிங். மூச்சு திணறினால் இன்ஹேலர். அதற்கும் அடங்காவிட்டால் நெபுலைசர். நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும். இன்ஹேலர் 4.02-க்கு வெறும் காற்றை விட்டது.

"என்னங்க... உதடு நீலமாகுதுங்க." மனைவி குழந்தையை நிமிர்த்திப் பிடித்தாள். "எதையாவது பண்ணுங்க!"

ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். மரத்துக்கு அடியில் குனிந்தால் ஒரு பைக் நுழையும். ஸ்கூட்டர் இருந்திருந்தால் ஒரு பொத்தான். அவ்வளவுதான். அந்த நினைப்பு அவரை அறுத்தது.

ஷெட்டுக்கு ஓடினார். 4.07.

பின்னை அமுக்கினார். சாவி. முள் நடுவில். லீவர். உதை.

ஒன்று... ஐந்து... பன்னிரண்டு...

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷெட் வாசலுக்கே வந்துவிட்டாள். குழந்தையின் நெஞ்சிலிருந்து விசில் சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது.

பத்தொன்பது. கால் வழுக்கியது. கிக்கர் திரும்பி வந்து கணைக்காலைக் கிழித்தது. ரத்தம் செருப்பில் இறங்கியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இருபத்தேழு... முப்பத்து மூன்று...

விசில் சத்தம் குறைந்தது. அடங்குகிறது என்று ஒரு நொடி நினைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அடங்கவில்லை. மூச்சுதான் குறைகிறது.

நாற்பது.

கால் எழவில்லை. டேங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்ன வேணும் உனக்கு? என்ன வேணும்னாலும் எடுத்துக்க... அவளை மட்டும் காப்பாத்து."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தராசு விலை கேட்காமல் ஒப்புக்கொண்டார். மணி 4.21.

அப்போது ஒரு வாடை. ஸ்பிரிட். ஊசிக்கு முன்னால் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பார்களே, அந்த வாடை.

டிக்...

டிக்... டிக்...

பெட்ரோல் பின் அமுங்கி எழுந்தது. மூன்று முறை.

அவருடைய இரண்டு கையும் டேங்கின் மேல் இருந்தன.

முள் அசைந்தது. பத்து நாளில் முதல் முறையாக... இடது பக்கம் சாய்ந்தது. மெதுவாக நடுவுக்கு வந்தது.

லீவர் மடங்கியது. விட்டது.

இரண்டு காலும் தரையில்தான் இருந்தன.

கிக்கர் இறங்கியது.

டப்...

டப்... டப்... டப்... டப்...

"ஏறு!" என்று கத்தினார். மனைவி குழந்தையை நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

மரத்தடியில் குனிந்து வெளியே வந்தார்கள். கியர் மாற்ற, ஸ்கூட்டருக்கு முன்னால் ஓட்டிய பைக் ஞாபகத்தில் இடது காலை அமுக்கினார். அது பிரேக். வண்டி நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. இரண்டாவது கியர் விழுந்தது. வலது பக்கம்... அவர் கால் வைக்காத பக்கம்.

மூன்றாவது... நாலாவது...

அதன் பிறகு அவர் காலை அசைக்கவே இல்லை.

மழை முகத்தில் அடித்தது. ஸ்பிரிட் வாடை மட்டும் கலையவில்லை.

4.38. ஆஸ்பத்திரி வாசல். எஞ்சின் தானாக நின்றது.

நர்ஸ் குழந்தைக்கு முகமூடி மாட்டினாள். சட்டைக் கையை மேலே சுருட்டியவள் நிமிர்ந்தாள்.

"ஊசி எங்க போட்டீங்க?"

"எந்த ஊசி?"

இடது கையில் சின்னப் பஞ்சு. மேலே பிளாஸ்திரி. பஞ்சில் இன்னும் அதே ஸ்பிரிட் வாடை.

"என் கைக்குள்ளதானே இருந்தா..." என்றாள் மனைவி.

டாக்டர் பார்த்தார். "யார் போட்டாங்களோ, சரியான நேரத்துல போட்டிருக்காங்க. இல்லேன்னா நீங்க இங்க வந்திருந்தும் பிரயோஜனம் இல்ல."

மறுநாள் காலை மகள் நன்றாக மூச்சு விட்டாள்.

"ஊசி வலிச்சுதாடா?" என்று கேட்டார் தராசு.

"இல்லப்பா. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னு அந்த மாமா சொல்லிட்டுத்தான் போட்டாரு."

"எந்த மாமா?"

"வண்டி ஓட்டினாரே..."

மூன்றாம் நாள் ஸ்பேனர் வந்தான். வண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தது. எஞ்சினின் பக்கத்தில் வட்ட மூடி ஒன்றைத் திறந்தான். உள்ளே விரலை விட்டுத் தடவினான். திரும்பிப் பார்த்தான்.

"இதைத் தள்ளிக்கிட்டா வந்தீங்க?"

"ஓட்டிக்கிட்டு வந்தேன்."

"விளையாடாதீங்க முதலாளி. பாயிண்ட்டே இல்ல. யாரோ கழட்டியிருக்காங்க. பாயிண்ட் இல்லாம பிளக்குல பொறி வராது. முள் நடுவுல இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கும் இதுதான் காரணம். ஆயிரம் உதை உதைச்சாலும் இந்த வண்டி ஓடாது."

தராசு நேராகக் கம்பவுண்டர் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் அலமாரியைத் திறந்து ஒரு பழைய மாத்திரை டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே விரல்நுனி அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு. பாயிண்ட்.

"அவர் போன மறுமாசம் நான்தான் கழட்ட வெச்சேன். வண்டி தானா கிளம்பிப் போய்க்கிட்டு இருந்துச்சு. கழட்டினேன்... அப்பவும் போச்சு. அதான் நீங்க கேட்ட விலைக்கே குடுத்தேன்."

"என் பொண்ணைக் காப்பாத்தியிருக்காரும்மா."

"காப்பாத்துவாரு. கைராசிக்காரரு." அவள் டப்பாவை மூடினாள். "ஆனா உயிரோட இருந்தப்பவும் சும்மா ஒரு ஊசி போட்டதில்ல தம்பி. கூலிய முதல்ல பேசிட்டுத்தான் வண்டியில கால வைப்பாரு. நீங்க என்ன பேசினீங்க?"

"என்ன வேணும்னாலும் எடுத்துக்கன்னு சொன்னேன்" என்றார் தராசு.

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. "ஐயோ... தொகை சொல்லாமலா ஒத்துக்கிட்டீங்க?"

அன்று சாயங்காலம் கடையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். முப்பது வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் காலியான கட்டம் ஒன்றுகூடக் கிடையாது. தேதி போட்டு எழுதினார். அந்தப் பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது.

வரவு: மகள்.

கொடுக்க வேண்டியது: கம்பவுண்டருக்கு.

தொகை: