கறுப்புத் திரையில் ஒரு போட்டி

கப்பலில் வேலை பார்த்த என் மாமா ஒரு விடுமுறைக்கு வந்தபோது, சாக்லேட்டோடு ஒரு கிழட்டு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். கப்பல் எலெக்ட்ரீஷியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததாம். படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான். திரேஸ்புரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் அதைவிட்டு நகரவில்லை.

அதில் எழுத்தை மாற்றலாம். செட்ஃபான்ட் என்று தட்டி, பக்கத்தில் எழுத்துருவின் பெயரையும் அடித்தால் போதும், திரை முழுக்க எழுத்து பெரிதாகும், அல்லது சின்னதாகும். அணைத்துவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அதனால் தினமும் எங்களுக்கு முதல் வேலை செட்ஃபான்ட்தான்.

மாமா அடுத்த கப்பல் ஏற டாக்டர் சான்றிதழ் வேண்டும். அதில் கண் பரிசோதனைதான் கண்டம். கண்ணாடி போட்ட ஆளை ஏற்றவே மாட்டார்கள் என்று சாதித்தார். தண்டால் எடுத்தால் கை பலப்படுகிற மாதிரி, தூரத்து எழுத்தைப் பார்த்துப் பழகினால் கண்ணும் பலப்பட்டுவிடும் என்பது அவருடைய சொந்த வைத்தியம். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு அது சாயங்கால விளையாட்டு.

ஒருவர் மனம்போன இங்கிலீஷ் எழுத்துகளைத் தட்ட வேண்டும். மற்றவர் வாசற்படியில் நின்று வாசிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று சின்ன எழுத்துருவுக்கு மாற்றுவோம். ஜெயித்தவருக்கு மக்ரூன். அது தினமும் என் வாய்க்குள்தான் போனது.

"ஏளா, எழுத்து ஆடுது. நீ திரைய ஆட்டுதே."

"நான் எங்க மாமா ஆட்டுதேன்? அது எம்மு!"

அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுப்பாள். "பேசாம ஒரு கண்ணாடியப் போட்டுத் தொலைங்க. ஊரே போடத்தான செய்யுது."

அப்போது மட்டும் மாமாவுக்குக் காது கேட்காது.

ஒரு நாள் அவர் வேறு ஏதோ பெயரை அடித்துவிட்டார். எழுத்தெல்லாம் எள்ளளவாகிவிட்டது. மூக்கு திரையில் இடிக்கும் வரை குனிந்தார். எதைத் தட்டினோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"ஏளா, இங்கன வா. என்ன போட்டிருக்குன்னு வாசி."

நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் தடவித் தடவித் தட்ட, எழுத்து மறுபடி பெரிதானது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்காமல் அவர் பின்னால் வந்து தோளில் கை வைத்தாள்.

பரிசோதனைக்குப் போன மாமா, மூக்கில் கண்ணாடியும் கையில் மக்ரூன் பொட்டலமுமாகத் திரும்பினார்.

"கப்பல் கிடையாது. ஹார்பர்லயே வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் அத்தையிடம்.

மாமா இனி ஊரிலேயே இருப்பார்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன். எங்கள் மாமா மாதிரி நல்ல மனுஷர் உண்டா, தினமும் எனக்காக வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பார் என்றும் பீற்றிக்கொண்டேன். அவர் காதிலும் அது விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆமா, பிள்ளைக்கு விட்டுக்கொடுக்காண்டாமா?" என்றார்.

அவர் ஒரு நாள்கூட விட்டுக்கொடுத்து ஆடவில்லை என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.