முத்திரை மாலையில் ஒட்டிய மாவு

விக்டோரியா ராணி காலத்து லண்டனில் வரைந்த வின்ஸ்லேட் சீமாட்டியின் படத்தில் முகம் மட்டும்தான் சீமாட்டியுடையது. கழுத்தும் கைகளும் பணிப்பெண் ஹெஸ்டருடையவை. மாலையை வரைய மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். சீமாட்டிகளா அதற்கு உட்காருவார்கள்?

பாபிலோன் பக்கம் மண்ணைத் தோண்டிச் சீமாட்டியின் கணவரான துரை கொண்டுவந்த பழங்கால முத்திரைக் கற்களைப் பொன்னில் கோத்த மாலை அது. சின்னச் சின்ன உருளைகள். ஒவ்வொன்றிலும் தாடிவைத்த ராஜா, சிறகு முளைத்த சிங்கம். அதைப் போட்டதும் ஹெஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஓவியர் சுருட்டுப் பிடிக்கப் போன நேரத்தில் மாலையோடு சமையலறைக்கு இறங்கினாள்.

"என்ன மிஸ் இது, நூல்கண்டா?" என்றாள் பாத்திரம் தேய்க்கும் டாபி.

"நூல்கண்டாம் நூல்கண்டு. இங்க பாரு."

பிஸ்கட்டுக்கு விரித்திருந்த மாவில் ஒரு கல்லைப் பூரிக்கட்டை மாதிரி உருட்டினாள். ராஜாவும் சிங்கமும் வரிசையாக எழுந்து நின்றார்கள். சமையற்காரியின் காலடி கேட்டது. ஹெஸ்டர் மாடிக்கு ஓடி, பழையபடி ஓவியர் முன் உட்கார்ந்துவிட்டாள். சமையற்காரிக்கு மூக்குக்கண்ணாடி தேடச் சோம்பல். மாவை அப்படியே வெட்டிச் சுட்டாள்.

தேநீர் வேளையில் ஒரு விருந்தாளி ராஜாவின் தலையைக் கடிக்கப் போய், நின்று, பிஸ்கட்டைத் துரையிடம் நீட்டினார். துரையின் முகம் சிவந்தது.

"மாலையைத் தொட்டது யாரு?" சீமாட்டி வேலைக்காரர்களை நிற்கவைத்துக் கேட்டார்.

டாபி ஹெஸ்டரைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. ஹெஸ்டருக்கு வேலை போனால் நற்சான்றுக் கடிதம் கிடையாது. அதில்லாமல் வேறு எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள்.

"சால்வை எடுக்கப் போனப்ப கழட்டி வச்சேன்மா," என்றாள் ஹெஸ்டர். "மாவுகிட்ட நின்னது டாபிதான்." இவ்வளவு சரளமாகப் பொய் வருமென்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

இருட்டுவதற்குள் டாபி தகரப்பெட்டியோடு பின்வாசலில் நின்றாள். "நீங்களே சொல்லிருவீங்கன்னுதான் மிஸ், நான் வாயத் தெறக்கல," என்றாள். ஹெஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அப்போதும் அது அசையவில்லை.

படம் கூடத்துக்கு வந்தது. கண்ணில் பட்ட எதையும் விடாத ஓவியர், மூன்றாவது கல்லின் குழிகளில் ஒட்டியிருந்த வெள்ளையையும் வரைந்திருந்தார். "கல்லுக்குள்ள முத்து மாதிரி என்ன மினுமினுப்பு!" என்று வந்தவர்களெல்லாம் வியந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் எடுத்துவந்த ஹெஸ்டர் கூனிக்குறுகிப் போவாள்.

பத்தொன்பது வருடம் தினமும் அந்தப் படத்தைத் துடைத்தவள் அவள்தான். மூன்றாவது கல்லுக்கு வந்ததும் கை தானாக அழுந்தும்.

"இப்படித் தேய்க்காதே ஹெஸ்டர், போயிடப் போகுது," என்பார் சீமாட்டி.

"போகலம்மா," என்பாள் ஹெஸ்டர்.