லாரி டைனமோவும் கருவாட்டுப் பெரியம்மாவும்

எனக்கு ஒன்பது வயதில் மூச்சிளைப்பு வந்தது. ராயபுரத்தில் கடலைப் பார்த்து நின்ற குடிசை வரிசையில் எங்கள் வீடு. ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் மூக்கைப் பஞ்சால் துடைத்து, அது கருப்பாக வந்ததை அம்மாவிடம் காட்டினார். முதலில் மண்ணெண்ணெய் விளக்கை வீட்டைவிட்டு வெளியே போடுங்கள் என்றார். விளக்கு போனால் இருட்டில் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

மின்சாரம் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பெரிய தெருக் கம்பம்வரை வந்து நின்றுவிட்டது. அப்பா மூன்று முறை மனு கொடுத்தார். குடிசைகள் நிற்கிற மண் புறம்போக்கு, பட்டா இல்லாத வீட்டுக்கு இணைப்புத் தர விதியில்லை என்று மூன்று முறையும் ஒரே பதில். மூன்றாம் முறை திரும்பி வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் மணலில் உட்கார்ந்து, கடற்காற்றில் படபடத்த கூரை ஓலையைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"காத்துக்கு எவனும் பட்டா கேக்க மாட்டான்."

அப்பாவுக்கு லாரி ஷெட்டில் டைனமோ பழுது பார்க்கிற வேலை. கழித்துப் போட்ட ஒரு டைனமோவையும் பழைய பேட்டரியையும் முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தார். பெட்டி உடைத்த பலகையில் இரண்டு இறக்கை செதுக்கி, சவுக்குக் கம்பத்தின் உச்சியில் ஏற்றினார். அது அழகாகச் சுற்றியது. பேட்டரியில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை. லாரி இன்ஜினின் வேகத்துக்குப் பழகிய டைனமோ, எங்கள் கடற்காற்றை மதிக்கவில்லை. அப்பா அதைப் பிரித்து, மெல்லிய கம்பியாகப் பார்த்து, பழையதைவிட நிறையச் சுற்றுகள் சுற்றினார். இறக்கைக்கும் அதற்கும் நடுவே, வேகத்தைக் கூட்ட, சைக்கிள் செயின் ஒன்றையும் மாட்டினார். ஒரு மாதம் கழித்து, லாரியின் சிறிய பல்பு ஒன்று எங்கள் வீட்டில் எரிந்தது. மஞ்சளாக, கொஞ்சம் வெட்கப்படுகிற மாதிரி. ஆனால் புகையில்லை. அம்மா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பதினைந்து நாள் எரிந்தது. பிறகு ஒரு மதியம் காற்று வலுத்து, இறக்கை பிளந்து பறந்துபோய், பக்கத்து வீட்டுப் பெரியம்மா காயவைத்திருந்த கருவாட்டின் நடுவே குத்தி நின்றது. அரை அடி தள்ளி அவர் குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எங்களுக்கு உறவில்லை. கட்டுமரத்தில் கடலுக்குப் போய்வந்த கணவர் மஞ்சள் காமாலையில் போனபின் தனியாகக் கருவாடு போட்டுப் பிழைத்தவர். அன்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையே கூடிவிட்டது. குழந்தைகள் ஓடுகிற இடத்தில் இது வேண்டாம், கம்பத்தைப் பிடுங்கு என்று பெரியவர்கள் தீர்த்துச் சொன்னார்கள். அப்பா ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எடுத்துவிடுகிறேன் என்றார். மண்ணெண்ணெய் விளக்கு திரும்பி வந்தது. மூன்றாம் நாள் எனக்கு மூச்சு விசில் அடித்தது. சுவர் ஒரு மெல்லிய தட்டிதான். இருமினால் பெரியம்மா வீட்டுக்குக் கேட்கும்.

ஞாயிறு காலை அப்பா கடப்பாரையோடு கம்பத்தடிக்குப் போனபோது, பெரியம்மா அங்கே ஒரு பலகையோடு நின்றிருந்தார். ஆளுயரம், நல்ல கனம். பாய் விரித்துப் போகிறபோது கட்டுமரம் ஒரு பக்கம் ஒதுங்காமலிருக்கத் தண்ணீரில் இறக்குகிற பலகை. அவர் வீட்டு வாசலில் எப்போதும் சாய்ந்திருக்கும். நாங்கள் யாராவது தொட்டால் திட்டு விழும்.

"இத்த செதுக்கி வைப்பா. இது ஒடியாது."

அப்பா கையை நீட்டவில்லை. "வேணாக்கா. அண்ணனோடது."

"அது சுத்திகினு இருந்தப்ப ஒரு காக்கா கருவாட்டாண்ட வர்ல. நின்னதுலேர்ந்து ஒரே பேஜாரா கீது. அதுக்குத்தான் குடுக்கறேன். புடி."

பெரியவர்களிடமும் அவரே பேசினார். கம்பத்தை வீடுகளுக்கு அப்பால், தன் கருவாட்டு மணலில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்து நடச் சொன்னார். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். அப்பா இரண்டு வாரம் அந்தப் பலகையைச் செதுக்கினார். இவ்வளவு மெதுவாக அவர் எதையும் செதுக்கி நான் பார்த்ததில்லை. உளி வைக்குமுன் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

அது ஒடியவில்லை. ஐந்து வருடம் கழித்து வரிசைக்கு மின்சாரம் வரும்வரை சுற்றியது. மனுவை அப்பா நிறுத்தவேயில்லை. பெரியம்மாவும் கூடப் போய் அலுவலக வாசலில் உட்கார்ந்தார். அதற்குள் எங்கள் வரிசையில் நான்கு வீடுகளில் சின்னப் பல்பு எரிந்தது. என் இளைப்பு குறைந்தது. அந்த வெளிச்சத்தில் படித்து நான் எட்டாம் வகுப்பு தேறினேன். இன்று மூச்சு தாராளமாக உள்ளே போய் வெளியே வருகிறபோதெல்லாம் இரண்டு பேரை நினைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் கருவாட்டை அள்ளிக் கூடையில் போட்டு மூடிய பிறகும் பெரியம்மா வீட்டுக்குப் போகமாட்டார். கயிற்றுக்கு வெளியே நின்று, சுற்றுகிற இறக்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். காக்கை வருகிறதா என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்து, நானும் அவர் பக்கத்தில் நின்று வானத்தில் காக்கை தேடிக்கொண்டிருந்தேன்.