பெவர்லி போன் செய்யாத ஒரே கம்பெனி

“உங்க ஆளுங்க டீக்கு எவ்வளவு சர்க்கரை போட்டுக்குவாங்க?” என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார் பெவர்லி டன்ஸ்டன். மறுமுனையில் இருந்தவர் ஆபீஸ் சாமான்களை லாரியில் ஏற்றி, வேறு இடத்தில் இறக்கித் தரும் கம்பெனிக்காரர். அவர் யோசித்து முடிப்பதற்குள் பெவர்லியின் பென்சில் அந்தப் பெயரை அடித்துவிட்டது. “கூட வேலை செய்யறவன் என்ன குடிப்பான்னு தெரியலை. இவங்க வந்து நம்ம அலமாரியைத் தூக்கி, விளங்கின மாதிரிதான்.”

ஆல்டர்விக் கடைத்தெருவில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நிலம் அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கிறோம். கணக்கு என் பொறுப்பு, மற்றதெல்லாம் பெவர்லி. சாக்லேட் பிஸ்கெட் டப்பாவை வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறப்பார். மேஜையில் இடித்துக்கொண்டால் மேஜையிடம் மன்னிப்புக் கேட்பார். அழுகை வந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மழையைத் திட்டுவார். மழை இல்லாத நாளிலும் திட்டுவார், அப்போது நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை.

கட்டடத்தை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட்டு, ஊருக்கு வெளியே புறவழிச்சாலை ஓரம் புதிதாகக் கட்டியிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். லாரி பிடிக்கும் வேலையை முதலாளி நெவில் பெவர்லியிடம் கொடுத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் ஒன்றைத் தவிர எந்தக் கம்பெனியையும் பெவர்லி விடவில்லை. ஒருத்தன் எங்கள் குறுகல் படியைப் பார்த்துச் சிரித்தான், வேண்டாம். இன்னொருத்தர் போனில் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார். “டான்ஸ் ஆடவா கூப்பிட்டேன்?” என்று அதற்கும் ஒரு கோடு.

கீழே ரொட்டிக்கடை பாலீனுக்கு ஊர் விஷயம் எதுவும் தப்பாது. படியடியிலிருந்தே கத்துவார்.

“ஏம்மா பெவ், கிளைவ் தோர்ன்பியோட லாரி பாலத்துப் பக்கம் சும்மாத்தானே நிக்குது? அவரைக் கூப்பிட்டா கடிச்சா வைப்பாரு?”

“அவருக்கு வேலை அதிகம், பாலீன்.”

“யாருக்கு, கிளைவுக்கா? இன்னிக்குக் காலையில பூனைக்கு ரேடியோ திருப்பி வச்சுக்கிட்டிருந்தாரு.”

பெவர்லி கதவைச் சாத்திவிட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஏன் இவர் நெய்க்கு அலைகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது பாலீன்தான் விஷயத்தைச் சொன்னார்.

பல வருஷத்துக்கு முன், பெவர்லியின் அம்மா தவறியபோது, அந்த வீட்டைக் காலி செய்து கொடுத்தது கிளைவ்தான். கடைசி நாள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்களேன்” என்றாராம். “ரொம்ப சந்தோஷம்” என்றாராம் இவர். அவ்வளவுதான். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள், யாரும் போக மாட்டார்கள். போனால்தான் வம்பு. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் நெவில் அப்படிக் கூப்பிட்டதை நம்பி, ஒரு ஞாயிறு மத்தியானம் கேசரியோடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் மனைவி தலையில் துண்டோடு வந்து கதவைத் திறந்து, என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் கிளைவ் நிஜமாகவே கூப்பிட்டிருந்தார். அடுத்தடுத்து சில ஞாயிறுகள் மாட்டிறைச்சியை அடுப்பில் வைத்து, இரண்டு தட்டை எடுத்துப் போட்டுக் காத்திருந்தாராம். இது அவர் அக்கா மூலம் பாலீனுக்கு வந்து, பாலீன் மூலம் பெவர்லிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இரண்டாம் தடவை கூப்பிட்டால் வற்புறுத்துவதுபோல் ஆகிவிடும் என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் எப்படிப் போவது என்று இவர் போகவில்லை. சனிக்கிழமைச் சந்தையில், பாலாடைக்கட்டிக் கடை முன்னால் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். பேசி முடித்ததும் பாலாடைக்கட்டி வாங்க மறந்து பெவர்லி வீட்டுக்குப் போய்விடுவார்.

மனசு கேட்கவில்லை. ஒரு நாள் டீ போடும்போது கேட்டே விட்டேன். “பெவர்லி, அவரை நினைச்சுக்குவீங்களா?”

மழுப்புவார் என்றுதான் நினைத்தேன். “தினமும்” என்றார். “கெட்டில் கொதிக்கிற நேரத்துல. அவரு எப்படி டீ குடிப்பாருன்னு கூட எனக்குத் தெரியாது, தெரியுமா?”

“அப்ப போய்ச் சொல்லுங்களேன்.”

“ஒரு வருஷம் கழிச்சுப் போய் என்னன்னு சொல்றது? கறி ஆறிடுச்சான்னு கேக்கறதா? இப்ப எத்தனை வருஷம் ஆச்சு, போ.” பிறகு ஜன்னல் பக்கம் போனார். வெளியே நல்ல வெயில்.

காலி செய்ய ஒரு வாரம் இருக்கையில், பெவர்லி ஒருவழியாகச் சம்மதித்திருந்த ஒரே கம்பெனியும் லாரி இல்லை என்று கையை விரித்தது. நெவிலுக்குப் பொறுமை போய்விட்டது. அவரே போனை எடுத்து தோர்ன்பியைக் கூப்பிட்டார், அன்று சாயங்காலமே கிளைவ் வந்து நின்றார். ஒல்லியான மனிதர். மிதியடியில் காலைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இந்த அலமாரில மேல் இழுப்பறையைக் காலி பண்ணி வச்சாப் போதும், மிஸ் டன்ஸ்டன்.”

“சரிங்க, மிஸ்டர் தோர்ன்பி.”

“படி கொஞ்சம் குறுகல். பழக்கப்பட்டதுதான்.”

“ஆமாங்க.”

நான் கணக்கைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் கிளம்பி முதல் படியில் கால் வைத்தபோது பெவர்லி, “நீங்க... ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்களேன்” என்றார். கிளைவின் காது சிவந்துவிட்டது. “ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. “எந்த ஞாயிறுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நாளைக் குறிச்சுக் கொடுத்தா, பாவம், அவரால வேண்டாம்னு சொல்ல முடியாமப் போயிடுமே” என்றார் பெவர்லி. இந்த ஊர் மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில்தான் போட வேண்டும்.

திங்கட்கிழமை ஆபீஸில் எல்லாருக்கும் மாட்டிறைச்சி சாண்ட்விச் கொண்டுவந்திருந்தார். தட்டு நிறைய. நெவில் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, “பிரமாதமா இருக்கே, வீட்டில் விசேஷமா?” என்று கேட்டார்.

“கடையில சலுகை விலைல போட்டிருந்தாங்க” என்றார் பெவர்லி. முந்தின நாள் ஞாயிறு. என் சாண்ட்விச்சைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

காலி செய்யும் நாள் வந்தது. கிளைவும் அவருடைய ஆட்களும் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றிவிட்டார்கள். வெற்று அறையை பெவர்லி இரண்டு தடவை கூட்டினார். இனி கடைத்தெருவில் நடக்கும்போதுகூட கிளைவைப் பார்க்க வழியில்லை. புது இடத்தைச் சுற்றி வண்டி நிறுத்துமிடமும் வேலியும்தான். சனிக்கிழமைச் சந்தை ஒன்றுதான் மிச்சம். அது இரண்டு பேரையும் எத்தனை தூரம் கொண்டுவந்தது என்று பார்த்தாகிவிட்டது.

ஆட்கள் சின்ன வண்டியில் முன்னால் போனார்கள். நெவில் தன் காரில் போனார். பெவர்லி என்னோடு வருவதாக ஏற்பாடு. கிளைவ் லாரியின் பின்கதவைப் பூட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டார்.

“சரி, அப்ப அங்க பார்ப்போம்.”

“பார்ப்போம்” என்றார் பெவர்லி.

கிளைவ் ஏறி ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தார். நான் என் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பெவர்லி என்னை நோக்கி இரண்டடி வந்தார். நின்றார். திரும்பி லாரியின் முன்பக்கமாகச் சுற்றி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, உயரமான படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துத் தம் கட்டி ஏறினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கிளைவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.