பூட்டு வேண்டாம் என்று அக்கா சொன்ன அறை

என் அக்காவின் கணவரைக் கல்லூரியில் எல்லோரும் ‘சாவிக்கொத்து’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மாமா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து, பிரேமில் பொருத்தி, வந்தவர் காதில் மாட்டிவிட்டு, “இப்ப அந்த போர்டைப் படிங்க” என்பார். அவர் படித்த கல்லூரி கடைக்குப் பின்தெருவில்தான் இருந்தது. படிப்பு முடிந்தும் கல்லூரியை விட்டு வெளியே வராத ஒரே மாணவர் நீங்கள்தான் மாமா என்று நான் கிண்டல் செய்வேன். கோபிக்க மாட்டார், சிரிப்பார்.

சாயங்காலம் கடை மூடியதும் நேராகக் கல்லூரிக்குப் போய் விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்துவிடுவார். மைக் செட் அறை, கலையரங்கம், பழைய மாணவர் சங்க அலுவலகம் என்று எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான். ஒரு பைசா சம்பளம் கிடையாது. காவலாளிகள் மாறினார்கள், முதல்வர்கள் மாறினார்கள், சாவி மட்டும் கை மாறவில்லை. வேறு யாரிடம் கொடுத்தாலும் தொலைந்துபோகும். இவரோ முதலில் வந்து கடைசியில் போகிற மனுஷர். அதனால் மாற்றுச் சாவி ஒன்று இருக்கட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நம்பிக்கையில் மாமாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

“வீட்டுச் சாவியை மட்டும் தொலைச்சுடுவாரு” என்பாள் அக்கா. “எத்தனை தடவை நான் பக்கத்து வீட்ல போய் உக்காந்திருக்கேன்! காலேஜ் சாவின்னா மட்டும் குளிக்கும்போதுகூட அதுமேல ஒரு கண்ணு.”

நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து ஓடவைக்கும் கருவி ஒன்றைக் கல்லூரியின் முதலுதவி அறைக்கு வாங்கி வைத்தவரும் அவர்தான். பழைய மாணவர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கிப் பணம் திரட்டி வாங்கினார். விலை உயர்ந்த சாமானாயிற்றே என்று, இருந்த பூட்டு போதாமல், உடைக்க முடியாத பெரிய பூட்டாகப் பார்த்து மாட்டியவரும் அவரேதான்.

பழைய மாணவர்களுக்கும் இப்போது படிப்பவர்களுக்கும் வருடாவருடம் ஷட்டில் போட்டி நடக்கும். போன வருடம் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். உயரமாக வந்த பந்தை அடிக்கக் கை ஓங்கிய மாமா, அப்படியே சரிந்து விழுந்தார். ஒருத்தர் நெஞ்சை அழுத்தினார். நாலு பேர் முதலுதவி அறைக்கு ஓடினார்கள். கதவில் அந்தப் பூட்டு.

“சாவி யாருகிட்ட?” என்று கத்தினார் விளையாட்டு ஆசிரியர்.

“சாவிக்கொத்து அண்ணன்கிட்டதான் இருக்கும். ஃபோன் போடுங்க சார்!”

பதற்றத்தில் அவரும் போட்டுவிட்டார். கோர்ட் ஓரத்தில் மாமா மடித்து வைத்திருந்த பேன்ட்டுக்குள் ஃபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் மாமா கிடக்கிறார். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பையைத் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்த பிறகும், அத்தனை சாவியில் அந்த அறைக்கு எது என்று தெரிந்த ஒரே ஆள் தரையில்தான் கிடந்தார்.

“கொஞ்சம் முன்னாடி ஷாக் குடுத்திருந்தா ஒருவேளை பிழைச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது” என்றார் மருத்துவர். அந்த ‘ஒருவேளை’ அக்காவை அன்றிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கல்லூரி மேலும் கோபம், மாமா மேலும் கோபம். செத்தவர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? ஆனாலும் வருகிறது.

அவர் நினைவாகக் கல்லூரி வாசலிலேயே புதிய முதலுதவி அறை கட்டப்போவதாக முதல்வர் வீட்டுக்கு வந்து சொன்னார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தக் கதவுக்குப் பூட்டு வேண்டாம் சார்.”

“அதுக்கென்னம்மா, செஞ்சிடலாம்” என்றார் அவர், காபியை ஆற்றிக்கொண்டே.

திறப்பு விழாவன்று போய்ப் பார்த்தோம். கண்ணாடிக் கதவு, பித்தளையில் மாமாவின் பெயர், குறுக்கே ரிப்பன். ரிப்பனுக்குக் கீழே பளபளவென்று ஒரு பூட்டு. அக்கா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முதல்வர் மைக்கில் உருகினார். “அவர் கட்டிக்காத்த சாவி, இனி அவர் குடும்பத்திடமே இருக்கும்!” கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. வெல்வெட் பெட்டியில் சாவியை வைத்து நீட்டினார்கள்.

“இன்னொரு சாவி யார்கிட்ட சார் இருக்கு?” என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“இது ஒண்ணுதாம்மா. உள்ள இருக்கிறதெல்லாம் விலை ஜாஸ்தி. உங்க வீட்டைவிட பத்திரமான இடம் வேற எங்க இருக்கு?”

அவர் நல்ல மனுஷர்தான். மரியாதை செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்ததை அக்கா கண்ணாலேயே அடக்கினாள். ரிப்பனை வெட்டினாள், பூட்டைத் திறந்தாள். திறந்த பூட்டையும் சாவியையும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, ஃபோட்டோவுக்கு நின்றாள். கைதட்டலில் யாரும் கவனிக்கவில்லை.

வீடு வந்து சேருவதற்குள் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. எனக்குக் கோர்ட் ஓரத்தில் கேட்ட அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, அந்தப் பூட்டு உங்ககிட்ட இருக்கா? ரூமைப் பூட்டணுமே.”

“எங்கிட்டதான் சார் இருக்கு. ரூம் திறந்தே கிடக்கட்டும். ஏதாவது காணாம போனா நான் பொறுப்பு.” அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட்டாள்.

“புதுப் பூட்டு வாங்கி மாட்டுவாங்கக்கா” என்றேன்.

“மாட்டுவாங்க.” அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாட்டிட்டு, சாவியை எங்கிட்டதான்டா கொண்டுவந்து குடுப்பாங்க. வேற யாரை நம்புவாங்க? குடுக்கட்டும். அந்தப் பூட்டையும் போய் கழட்டிட்டு வர்றேன்.”