பச்சைக் கோடும் சந்தனப் பொட்டும்

இப்போது யாராவது ஒரு வீடியோ கேட்டால் செல்போனில் ஒரு தட்டு, முடிந்தது கதை. எனக்கு மட்டும் இன்றைக்கும் திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல ஊர்வதைப் பார்த்தால் போதும், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து எங்கள் வீடும் அந்த ஐப்பசி மாதத்துப் பகலும் அப்படியே கண் முன்னால் வந்து நின்றுவிடும்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாவுக்கு அக்காவால் வர முடியவில்லை. ஷார்ஜாவில் இருந்தாள்; கைக்குழந்தை, லீவு, டிக்கெட் என்று எல்லாம் சேர்ந்து அவளைக் கட்டிப்போட்டுவிட்டன. தலைத் திவசத்துக்குத்தான் வந்தாள். வந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா பேசுறது எங்கயாச்சும் இருக்காடா தம்பி?"

இருந்தது. அக்காவின் கல்யாண வீடியோ. ஆனால் ஸ்டுடியோவில் கொடுத்த டிவிடி இல்லை. அதில் அப்பா வாயசைப்பார், சினிமாப் பாட்டு ஓடும். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ எல்லாமே அப்படித்தான்; சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்து மூடுவார்கள், ஒருத்தர் குரலும் கேட்காது. பாட்டுச் சேர்க்கும் முன்னால் எடுத்தபடியே இருந்த வீடியோவை ஸ்டுடியோக்காரரை நச்சரித்து வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தேன். அதில் அக்கா காரில் ஏறும்போது ஊரே அழுகிறது. அப்பா மட்டும் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "சாப்ட்டியா?" என்கிறார். யாரைப் பார்த்தாலும் அவருக்கு அந்த ஒரு கேள்விதான். வயலிலிருந்து போன் பண்ணினாலும் அம்மாவிடம் முதல் வார்த்தை அதுதான்.

"அந்த இடத்த மட்டும் போன்ல எடுத்துக்கயேன்" என்றேன் அக்காவிடம்.

"துண்டு துண்டாவா? அப்பாவ முழுசா குடுடா."

எங்கள் வீட்டில் எந்தக் காரியம் நேரத்தோடு நடந்திருக்கிறது? திவசம், விருந்தாடிகள் என்று இழுத்து, அக்கா கிளம்புகிற நாள் காலையில்தான் புது ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வீடியோவை அதில் ஏற்ற ஆரம்பித்தேன். நாலு மணிக்குத் திருச்சி விமான நிலையத்துக்கு வேன். பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்றும் விட முடியாது. அந்தப் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் ஏற்கெனவே முனக ஆரம்பித்திருந்தது; இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது அதன் உயிர். அப்பா குரல் வேறெங்கும் இல்லை.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுகிற பச்சைக் கோடு ஆரம்பத்தில் குதிரை மாதிரி ஓடியது. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் படுத்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் என்று காட்டிக்கொண்டிருந்த சனியன், நாளைக்குத்தான் முடியும் என்று காட்டியது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கேபிளை மாற்றினேன். முன்பக்கத்து ஓட்டையிலிருந்து பிடுங்கிப் பின்பக்கம் செருகினேன். வைரஸ் பார்க்கிற சாஃப்ட்வேரை நிறுத்தினேன். எல்லா ஃபோல்டரையும் ஒன்றாகப் போட்டதுதான் தப்போ என்று, முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி ஒவ்வொன்றாக விட்டேன். எதைச் செய்தாலும் கொஞ்ச நேரம் ஓட்டம், அப்புறம் ஊர்வலம். கோபத்தில் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"நீ தட்டுற தட்டுல அதுவும் போய்ச் சேந்துடும்டா" என்றாள் அக்கா. சிரித்தாள்தான், ஆனால் கண் கடிகாரத்தில் இருந்தது.

ஆத்திரத்தில் மொத்தத்தையும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து போட்டால் மறுபடியும் குதிரை! அப்போதுதான் பொறி தட்டியது. ஆறினால் ஓடுகிறது, சூடானால் படுக்கிறது. பெட்டியில் கையை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

சூடாகாமல் என்ன செய்யும்? குறுவை அறுவடை முடிந்து, மழைக்குப் பயந்து நெல் மூட்டைகளைக் கூடத்திலேயே அடுக்கியிருந்தோம். வருஷா வருஷம் இதே கதைதான். உடம்பில் பட்டால் அரித்துத் தின்னும் நெல் சுணை எல்லாம் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே விசிறி இருக்கிற இடமே தெரியவில்லை. சைக்கிள் பம்ப்பை எடுத்து அடித்து அதைச் சுத்தம் பண்ணினேன். ஆனால் காற்று வெளியே போகிற ஓட்டைகள் அடைத்துக் கிடந்தன. சுணையை அங்கே ஒட்டிப் பிடித்துவைத்திருந்தது சந்தனம்.

அப்பா வைத்த சந்தனம். ஆயுத பூஜை அன்றைக்கு மோட்டார், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், மண்வெட்டி, வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியில் கிண்ணத்தோடு கம்ப்யூட்டரிடம் வருவார். "இதாண்டா இதுக்கு மூஞ்சி" என்று சரியாக அந்த ஓட்டைகளின் மேலேயே மூன்று விரலால் அப்புவார், நடுவில் குங்குமம் வைப்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் போனது ஆயுத பூஜை முடிந்த கையோடு. துக்க வருஷம் என்பதால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பூஜை இல்லை. காய்ந்து வெடித்துக் கிடந்த மேல் பூச்சில் அவர் விரல்கள் இழுத்த கோடு அப்படியே இருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கை போகவில்லை.

"அது அப்பா கைடா" என்றாள் அக்கா. "வேணாம், விடு. கெடச்ச வரைக்கும் போதும்."

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. கார் கிளம்புகிற ஃபோல்டர் இன்னும் வரவேயில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே இந்தப் பாழாய்ப்போன பெட்டியின் மேல் கோபமும் வந்தது.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அந்தச் சந்தனத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.

"பொட்டு கெடக்கு போ. ஒங்கப்பா பேசட்டும்" என்று சொல்லிவிட்டு அவளே சுரண்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தாள். உதிர்ந்ததைக் கீழே விழவிடாமல் முந்தானையில் ஏந்தி முடிந்துகொண்டாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மேசை விசிறியைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்து மறுபடியும் ஓட விட்டேன். கரண்டு போகாமல் இருக்கவேண்டுமே என்று வேண்டாத சாமியில்லை. பச்சைக் கோடு இந்தத் தடவை படுக்கவில்லை. வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது முடிந்தது. அக்கா அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பயணப் பெட்டியில் வைக்கவில்லை. ஊறுகாய், வடகம் எல்லாம் பெட்டிக்குள் போயின, இது அவள் கைப்பையில் போனது.

மறுநாள் மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். நாதஸ்வரம் கேட்டது, யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது, கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பளிச்சென்று அப்பா குரல்.

"சாப்ட்டியா?"

அம்மா திரும்பாமலே சொன்னாள்: "இல்லீங்க, இனிமேத்தான்."