ரசீது வாங்காமல் கொடுத்த முடி

மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதே என்று எங்கள் திருநங்கைகளிடம் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். அடையாள அட்டையோ வீட்டுமனைப் பட்டாவோ, எதற்குப் போனாலும் அதே பாட்டுத்தான். அதிகாரி சிரிப்பார், நாற்காலி போடச் சொல்வார், கட்டாயம் பார்க்கலாம்மா என்பார். அந்தச் சிரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால் அடுத்த திங்கட்கிழமை மனுநாளில் அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். சேலம் அம்மாபேட்டையில் தறிக்கூடத்துக்கு மேலே இருக்கும் எங்கள் சங்க அறையில் எனக்கு ரசீதக்கா என்றே பட்டம். இந்த ரசீதக்காதான் தன் இடுப்பு வரை இருந்த முடியை வெறும் வாய்ச்சொல்லுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

போன் வந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் நின்றிருந்தேன். எங்களிடம் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை. ஆண்கள் வரிசைக்குப் போ என்று ஒருவர், பெண்கள் வரிசைக்குப் போ என்று இன்னொருவர். நான் நடுவில் நின்று இருவரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேசியது சித்தப்பா. வீட்டை விட்டு வந்து பதினாறு வருஷத்தில் அவர் குரலை அன்றுதான் கேட்டேன். அப்பா விடிகாலையில் போய்விட்டார் என்றார். சரிங்க என்றேன். அழுகை வரும் என்று சுவரோரமாகக் கொஞ்சம் நின்று பார்த்தேன், வரவில்லை. திரும்பிப் போய் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் எடுத்து முடிகிற வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் சித்தப்பா மறுபடி கூப்பிட்டார். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்க, பங்காளி மகன் கொள்ளி வைத்தால் ஊர் என்ன பேசும் என்றார். மொட்டை போட்டு வேட்டி கட்டி நிற்க வேண்டும், சேலையோடு வந்து இறங்கி மானத்தை வாங்கக் கூடாது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இது முடிந்த பிறகு, நான் இப்போது இருக்கிறபடியே, சேலை கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்க்கலாமா?

"காரியம் முடியட்டும் சாமி. அப்பறம் உன்னைய ஆரு தடுக்கறாங்க?"

ஒரு அதிகாரி இதையே சொல்லியிருந்தால் அலுவலகப் படியில் உட்கார்ந்து எழுத்தில் கொடுங்க என்று கத்தியிருப்பேன். அன்றைக்கு நாமக்கல் பஸ் ஏறினேன்.

ஊர் முனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அப்பாவின் படத்துக்குக் கீழே என் பன்னிரண்டாம் வகுப்பு போட்டோ. அதில் இருந்த பையன் யாரோ போல என்னைப் பார்த்தான். போர்வெல் தொட்டியடியில் உட்கார வைத்தார்கள். மொட்டையடிக்க வந்தவர் என் முடியைக் கையில் எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இவ்வளவு நீளத்தில் கத்தி ஓடாது என்று முதலில் பின்னலைக் கத்தரித்தார். அதை எங்கே போடட்டும் என்று என்னைத்தான் கேட்டார், சித்தப்பா குப்பைப் பக்கம் கை காட்டினார். பின்னல் அங்கே போனது. கொள்ளி வைக்கிறவன் வெற்றுடம்போடு நிற்பதுதான் வழக்கம். என்னிடம் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, மேலே போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் கொடுத்தார்கள். நான் யாரென்று அந்த மட்டுக்கும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

பெண்கள் நடுவில் இருந்த அம்மா எழுந்து வந்து என் மொட்டைத் தலையில் கை வைத்தாள்.

"அப்பனாட்டமே இருக்கற" என்றாள்.

பதினாறு வருஷம் நான் காத்திருந்தது அந்தக் கைக்காகத்தான். அது வந்து தலையில் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. நீர்க்குடத்தைச் சுமந்து மூன்று சுற்று வந்தேன், கொள்ளி வைத்தேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்ததாகப் பங்காளிகள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். எங்களில் பெரிய தப்பு செய்தவளுக்கு எங்கள் மூத்தவர்களின் சபையான ஜமாத் கூடி முடியை அறுக்கும், அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. முக்காடு நழுவியதும் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு திருநங்கைகள் ஒதுங்கி நின்று கிசுகிசுத்தார்கள். எந்த ஜமாத்தில், என்ன குற்றத்துக்கு என்று ஒருத்தி பதமாகக் கேட்டாள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்த பெண் மட்டும் கோபத்தில் முகம் சிவக்க நின்றாள்.

"ரசீது வாங்குனீங்களாக்கா?" என்றாள்.

அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. கையில் இருந்த மனுக்களை எண் வாரியாக அடுக்க ஆரம்பித்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு சித்தப்பா போனை எடுக்கவில்லை. பலமுறை அடித்த பின் எடுத்தார். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், அந்த வேஷத்தில் வந்து நின்றால் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், கொஞ்சம் பொறு என்றார். எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் அம்மா யாருடைய போனிலிருந்தோ பேசினாள். சாப்பிட்டாயா என்றாள், சேலத்தில் மழையா என்றாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"முடி வளர்றதுக்குள்ள ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போ சாமி."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்க்க அவளுக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான், அதையும் யோசித்து யோசித்துத்தான் கண்டுபிடித்திருப்பாள். சரிங்மா என்றேன். அதன் பிறகு சங்க அறைக் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு இரண்டு முறை நின்றிருக்கிறேன், கீழே தறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி.

இப்போது முடி தோளைத் தொடுகிறது. நான் போகவில்லை.